கேள்வி - பதில்: விடுதலை வந்தது, நிலம் வரவில்லை

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போர் அடிமைமுறைக்காக நடக்கவில்லை, மாநில உரிமைக்காகத்தான் நடந்தது என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். எது சரி?

பதில்: நாட்டிலிருந்து பிரிந்து போன தென் மாநிலத்தார் அன்றைக்கே எழுதி வைத்ததைப் படித்தால் போதும். தங்கள் நிலைப்பாடு அடிமைமுறையோடு முழுக்கப் பிணைந்தது என்று மிசிசிப்பியின் பிரிவினை அறிக்கை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறது. பிரிந்த மாநிலங்கள் சேர்ந்து அமைத்த தென் கூட்டமைப்பின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், 1861 மார்ச்சில் சவானாவில் பேசும்போது, கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்ல என்பதுதான் புதிய அரசின் அடித்தளம் என்றார். மாநில உரிமை என்கிறார்களே, தென் கரோலினாவின் பெரிய புகார் என்ன தெரியுமா? தப்பி வரும் அடிமைகளைப் பிடித்துத் திருப்பித் தராமல் வட மாநிலங்கள் சட்டம் போட்டுத் தடுக்கின்றன என்பது! 1860 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 40 லட்சம் பேர் அடிமைகள். அவர்களை விற்கலாம், அடமானம் வைக்கலாம், பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து வேறு மாநிலத்துக்கு அனுப்பலாம். அந்த உரிமையை விட மனமில்லாமல் வந்த போர் இது.

கேள்வி: அதிபர் லிங்கன் ஒரே கையெழுத்தில் எல்லா அடிமைகளையும் விடுவித்துவிட்டாரா?

பதில்: இல்லை. அவருடைய 1863 ஜனவரி 1 விடுதலைப் பிரகடனம் கிளர்ச்சி செய்த தென் பகுதிகளுக்கு மட்டும்தான். ஒன்றியத்தோடு நின்ற கென்டக்கி, மேரிலாந்து, மிசௌரி, டெலவேர் மாநிலங்களின் அடிமைகளை அது தொடவில்லை. நாடு முழுக்க அடிமைமுறையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 13-வது திருத்தம் 1865 டிசம்பரில்தான் அமலுக்கு வந்தது, அதிலும் 'குற்றத்துக்குத் தண்டனையாக' என்ற விதிவிலக்கோடு. பின்னால் கைதிகளைச் சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் வாடகைக்கு விட அந்த விதிவிலக்குதான் கைகொடுத்தது.

ஆனால் எல்லாரும் லிங்கனைப் பற்றியே கேட்கிறீர்கள். அடிமைகள் என்ன செய்தார்கள் என்றும் கேளுங்கள். 1861 மே மாதம் வர்ஜீனியாவின் மன்றோ கோட்டைக்கு மூன்று பேர் தப்பி வந்தார்கள், அங்கிருந்த வட படைத் தளபதி பட்லர் அவர்களைத் திருப்பித் தர மறுத்தார், சேதி பரவி குடும்பம் குடும்பமாக மக்கள் வர ஆரம்பித்தார்கள். அடுத்த ஆண்டு, சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் ராபர்ட் ஸ்மால்ஸ் என்ற அடிமை மாலுமி, தென் படையின் கப்பலையே குடும்பத்தோடு ஓட்டிக்கொண்டு வந்து வட கடற்படையிடம் ஒப்படைத்தார். சுமார் 1,80,000 கறுப்பர்கள் வட படையில் சேர்ந்து போரிட்டார்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர், இவர்களுக்கு 10 டாலர், அதிலும் உடுப்புக்கென்று 3 டாலர் பிடித்தம். சமச் சம்பளத்துக்கு 1864 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கேள்வி: விடுதலையான மக்களுக்கு 40 ஏக்கர் நிலம் தருவதாகச் சொல்லி ஏமாற்றினார்கள் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மை. வந்த கேள்விகளில் என்னை அதிகம் கலங்கடித்தது இதுதான்.

1865 ஜனவரி 12-ம் தேதி, சவானாவில் வட படைத் தளபதி ஷெர்மனும் போர் அமைச்சர் ஸ்டான்டனும் 20 கறுப்பின மதகுருக்களை அழைத்து உட்கார்ந்து பேசினார்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். அவர்கள் சார்பில் பேசிய கேரிசன் ஃப்ரேசியர், தன்னையும் மனைவியையும் 1,000 டாலர் கொடுத்து விலைக்கு மீட்டுக்கொண்ட 67 வயதுக்காரர். அவர் பதில் ரொம்ப எளிமையானது: நிலம் வேண்டும், நாங்களே உழைத்துப் பயிர் செய்துகொள்வோம். நான்கு நாளில் ஷெர்மன் உத்தரவு போட்டார். கடலோரத் தீவுகளிலும் வயல்களிலும் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை. ஏறத்தாழ 40,000 பேர் குடியேறினார்கள், விதைத்தார்கள்.

ஏப்ரலில் லிங்கன் சுடப்பட்டார். அதிபர் பதவிக்கு வந்த ஆண்ட்ரூ ஜான்சன், கிளர்ச்சி செய்த தோட்ட முதலாளிகளுக்குத் தாராளமாக மன்னிப்பு வழங்கி, நிலத்தையும் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டார். அந்தச் செய்தியை எடிஸ்டோ தீவு மக்களிடம் நேரில் சொல்லப் போனது தளபதி ஹோவர்ட், விடுதலையானவர்களுக்கு உதவ அமைத்த துறையின் தலைவர். உதவ வந்தவர் வாயாலேயே வெளியேறு என்று கேட்பது எப்படி இருந்திருக்கும்!

இன்னொன்று. 1862-ல் தலைநகர் வாஷிங்டனில் அடிமைமுறையை ஒழித்தபோது, அடிமை ஒருவருக்கு 300 டாலர் வரை அரசு நஷ்டஈடு கொடுத்தது, எஜமானர்களுக்கு! ஆயுசு முழுக்கக் கூலியில்லாமல் உழைத்தவருக்கு நஷ்டஈடாகச் சல்லிக்காசு இல்லை. கடைசியில் நிலமில்லாத மக்கள் பழைய முதலாளியின் வயலிலேயே, விளைச்சலில் ஒரு பங்குக்காக, வாரத்துக்கு உழுதார்கள். விதையும் கடன், சாப்பாடும் கடன், அறுவடையானதும் கணக்கு எழுதுவது முதலாளி. போருக்குப் பிந்தைய எல்லாத் துயரத்துக்கும் வேர் இந்த நிலத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

கேள்வி: கிளர்ச்சி செய்த தலைவர்களுக்கு என்ன தண்டனை?

பதில்: தென் கூட்டமைப்பின் அதிபராக இருந்த ஜெஃபர்சன் டேவிஸ், அதே மன்றோ கோட்டையில் இரண்டு ஆண்டு சிறையில் இருந்தார், தேசத்துரோக வழக்கு விசாரணைக்கே வரவில்லை. முதல் பதிலில் சொன்ன ஸ்டீபன்ஸ் 1873-ல் மறுபடி நாடாளுமன்ற உறுப்பினராகிவிட்டார்.

கேள்வி: அப்படியென்றால் போருக்குப் பிறகு தெற்கைச் சீரமைக்க நடந்த மறுகட்டமைப்பே வீண்தானா?

பதில்: அப்படிச் சொல்லாதீர்கள். 1867-க்குப் பிறகு கறுப்பின ஆண்கள் தெற்கில் வாக்களித்தார்கள், அவர்கள் பங்கேற்ற மாநில அரசுகள் பொதுப் பள்ளிகளைக் கொண்டுவந்தன. 1870-ல் ஹைரம் ரெவல்ஸ் மிசிசிப்பியிலிருந்து செனட்டர் ஆனார். கப்பல் ஓட்டி வந்த ஸ்மால்ஸ் நாடாளுமன்றம் போனார்.

இதெல்லாம் தானாகச் சரியவில்லை, கொன்று சரித்தார்கள். 1873 ஈஸ்டர் ஞாயிறன்று லூசியானாவின் கோல்ஃபாக்ஸில் வெள்ளையர் கும்பல் கறுப்பர்களைக் கொன்றது, சரணடைந்தவர்களைக்கூட விடவில்லை, தண்டிக்கப்பட்ட கொலைகாரர் சிலரையும் 1876-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு காப்பாற்றிவிட்டது. 1877-ல் அதிபர் தேர்தல் தகராறு தீர்ந்த கையோடு, தென் மாநில அரசுகளுக்குக் காவலாக மிச்சமிருந்த ஒன்றியப் படைகளையும் விலக்கினார்கள். வடக்கு வெள்ளையரும் தெற்கு வெள்ளையரும் சமாதானமானார்கள், அதற்கான விலையைக் கறுப்பர்கள் கொடுத்தார்கள். வாக்குரிமையும் பறிபோனது: லூசியானாவில் 1896-ல் 1,30,334 ஆக இருந்த கறுப்பின வாக்காளர் எண்ணிக்கை, 1904-ல் 1,342.

ஆனாலும் சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்று 1868-ல் வந்த 14-வது திருத்தத்தை அவர்களால் அழிக்க முடியவில்லை. நிறம் பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்து வைத்த பள்ளிகள் செல்லாது என்று 1954-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது அந்தத் திருத்தத்தை வைத்துத்தான்.