வெக்கை நோய் ஒழிந்தது எப்படி?

கேள்வி: மாடுகளைக் கொன்று குவித்த வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டது என்கிறார்களே, சாலையும் மின்சாரமும் இல்லாத ஆப்பிரிக்கப் பகுதிகளில் அது எவ்வாறு சாத்தியமாயிற்று?
(வாசகர் ஒருவர், நாமக்கல்)

பதில்: ஒரு முறை போட்டாலே ஆயுள் முழுதும் காக்கும் தடுப்பூசியை ஆங்கிலேயக் கால்நடை மருத்துவர் வால்டர் பிளவ்ரைட் கென்யாவில் முன்னரே உருவாக்கியிருந்தார். ஆனால், 1962இல் ஆப்பிரிக்க நாடுகள் பல சேர்ந்து தொடங்கிய கூட்டு முயற்சி நோயைப் பெருமளவு அடக்கிய பின், எஞ்சிய சில இடங்களைக் கவனிக்காமல் விட்டதால் அது மீண்டும் பரவியது. தடுப்பூசியைக் குளிர்நிலையிலேயே கொண்டுசெல்ல வேண்டியிருந்தது பெரிய முட்டுக்கட்டை. பின்னர் வெப்பம் தாங்கும் வகை வந்ததும், எத்தியோப்பியாவின் அஃபார் வறண்ட நிலத்தில், கால்நடை மேய்ப்பவர்களிலிருந்தே ஆட்களைத் தேர்ந்து பயிற்சியளிக்க, அவர்கள் மருந்துக் குப்பிகளுடன் மந்தைகளைத் தேடிச் சென்று ஊசி போட்டார்கள். எந்த மந்தை எப்போது எங்கே மேயும் என்பது அவர்களுக்குத்தானே தெரியும்! வெற்றியில் பெரும்பங்கு இவர்களுக்கே உரியது என்பேன். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 1994இல் தொடங்கிய உலகளாவிய ஒழிப்புத் திட்டம் இம்முயற்சிகளை ஒருங்கிணைத்தது. 2001இல் கென்யாவில் காட்டெருமைகளிடம் கடைசியாகக் காணப்பட்ட நோய், 2011இல் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அடுத்த இலக்கு, 2030க்குள் ஆட்டுக்கொல்லி நோய். ஆடுகள் விரைவாகக் குட்டி ஈன்று, ஊசி போடாத குட்டிகள் மந்தையில் சேர்ந்துகொண்டே இருப்பதால், அது இன்னும் கடினமான வேலை.