கல்லுக்குள்ள இருக்குற கேஸ் – வாசகர் கேள்வி, நம்ம பதில்

கேள்வி: பழைய நிலக்கரிச் சுரங்கப் பகுதியில துளை போட்டு, பாறையை உருளை மாதிரி வெட்டி எடுத்து, அதுல கேஸ் எவ்வளவு இருக்குன்னு அளக்குறாங்களாமே? கல்லுல போய் எப்படிங்க கேஸ் இருக்கும்? (வாசகி, ஈரோடு)

பதில்: நிலக்கரியைச் சும்மா கல்லுன்னு நெனைக்காதீங்க, கண்ணுக்குத் தெரியாத துளைங்க அதுல கோடிக்கணக்குல இருக்கு. அந்தத் துளைச் சுவர்ல மீத்தேன் ஒட்டிக்கிட்டுக் கிடக்கும், ஆழத்துல இருக்குற அழுத்தம்தான் அதைப் பிடிச்சு வச்சிருக்கு. வெட்டி எடுத்த அந்த உருளையை, அதாவது ‘கோர்’னு சொல்றதை, மேல தூக்கத் தூக்க அழுத்தம் குறையும், சோடா பாட்டிலைத் தொறந்த கதைதான், பாதி வழியிலயே கேஸ் கிளம்பிடும். அதனால மேல வந்ததும் அவசர அவசரமா ஒரு டப்பாவுல போட்டு இறுக்கி மூடி, அடியில இருந்த அதே சூட்டுல வச்சு, வெளிய வர்றதை அளக்க ஆரம்பிப்பாங்க, மொதல்ல சில நிமிஷத்துக்கு ஒருவாட்டி, அப்புறம் மணிக்கு, அப்புறம் நாளுக்கு, சில துண்டு மாசக்கணக்குல விட்டுக்கிட்டே இருக்கும். கடைசியா மாவா அரைச்சு, உள்ள ஒளிஞ்சிருக்குறதையும் வாங்கிடுவாங்க.

சரி, வர்ற வழியில போனது? அதை அளக்கவே முடியாது. ஆரம்பத்துல எந்த வேகத்துல வந்துச்சோ அதை வச்சுப் பின்னாடி போய்க் கணக்குப் போடுறதுதான். மூணையும் கூட்டி டன்னுக்கு இத்தனை கன மீட்டர்னு ரிப்போர்ட்ல பாக்க ரொம்பக் கச்சிதமா இருக்கும், அதுல ஒரு பங்கு கணிப்பு!

கேள்வி: பிரான்ஸ்ல மீத்தேன் தேடப்போய் ஹைட்ரஜன் கெடச்சுதாமே? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: ஆமா, லொரேன் பகுதியில. அங்க கடைசி நிலக்கரிச் சுரங்கத்தை 2004லயே மூடிட்டாங்க. ஃபோல்ஷ்வில்லேர்ங்கிற ஊர்ல ஏற்கனவே இருந்த ஒரு துளைக்குள்ள லொரேன் பல்கலைக்கழக ஆட்கள் கருவியையே எறக்கி, தண்ணியில கரைஞ்சிருக்குற கேஸை அந்த ஆழத்துலயே அளந்தாங்க. தேடுனது மீத்தேன். ஆனா கீழ போகப்போக ஹைட்ரஜன் கூடிக்கிட்டே போச்சு, 1,100 மீட்டர் கிட்ட கரைஞ்ச கேஸ்ல சுமார் 15 சதவீதம். 2023ல இது பெரிய நியூஸ். ஹைட்ரஜன் ரொம்பக் குட்டி மூலக்கூறு, கோரை மேல கொண்டு வந்து அளந்திருந்தா மீத்தேனை விடச் சுலபமா நழுவியிருக்கும்னுதான் எனக்குத் தோணுது. இன்னொரு வில்லங்கமும் இருக்கு, துளை போடுற இரும்பும் தண்ணியும் சேர்ந்தே ஹைட்ரஜன் உண்டாகலாம், அதனால எது பாறையோடது எது நாம உண்டாக்கினதுன்னு பிரிச்சுப் பாக்கணும். அங்க 4.6 கோடி டன் இருக்குன்னு சுத்துற நம்பரை மட்டும் கொஞ்சம் தள்ளியே வைங்க, அது மாடல் போட்ட கணக்கு, எடுத்துப் பாத்தது இல்ல.

கேள்வி: சுரங்கத்தை மூடிட்டா மேல வீடு கட்டிக்கலாம்ல? (வாசகர், சேலம்)

பதில்: கட்டுறதுக்கு முன்னாடி கேஸைப் பாத்துடணும். ஸ்காட்லாந்துல கோர்பிரிட்ஜ்ங்கிற ஊர்ல பழைய சுரங்கத்துல இருந்து கார்பன் டை ஆக்சைடு வீட்டுக்குள்ள வந்து, ஜனங்களுக்கு உடம்பு முடியாம போய், கடைசியில 64 வீட்டை இடிச்சாங்க. எல்லாமே புதுசா கட்டுன வீடு.