பழைய கொரொல்லாவை விற்கலாமா?

கேள்வி: எங்களிடம் 1996ஆம் ஆண்டு கொரொல்லா 110 இருக்கிறது, 1500 சிசி பெற்றோல். கணவர் இருக்கும்போது வாங்கியது. ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. மகன்தான் இதை விற்றுவிட்டு டேர்போ எஞ்சின் உள்ள கார் எடுக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். "அம்மா, இது இழுக்கவே இழுக்காது" என்கிறான். புறோக்கரும் நல்ல விலை சொல்கிறார். எனக்கு மனம் வருகுதில்லை.
- ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: விற்காதீர்கள், சகோதரி. என் வாசலிலும் இருபத்திரண்டு வருடமாக அதே 110 தான் நிற்கிறது. அதனால் நான் நடுநிலையாளன் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆடி மாதத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பும்போது டிக்கியில் கறுத்தக்கொழும்பான் பெட்டி இரண்டு, பனங்கட்டிக் குட்டான்கள், பின்சீட்டில் மாமியும் பிள்ளைகள் இருவரும். முறிகண்டியில் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக் கொறித்தபடி வருவோம். ஒருவருக்கும் முழங்கால் இடித்ததில்லை. டிக்கியில் மாம்பழ வாசம் போக மாதக்கணக்காகும்.

அப்படி ஒருமுறை வரும்போது நொச்சியாகமவுக்கு அண்மையில் டைமிங் பெல்ட், அதாவது எஞ்சினில் பிஸ்டனும் வால்வும் நேரம் பிசகாமல் ஓட வைக்கும் பட்டி, அறுந்துவிட்டது. பல எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் மேலே வந்து வால்வை இடித்து வளைத்துவிடும். செலவு இலட்சக்கணக்கில் போகும். எங்கள் காரில் உள்ள 5ஏ எஞ்சினில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையில் போதிய இடைவெளி உண்டு, இடிக்காது. அந்த ஊர் கராஜ் பாஸ் புதுப் பெல்ட் போட்டுத் திறப்பைத் திருகினார், உடனே ஸ்டார்ட் ஆனது. மாமி போனட்டைத் தொட்டுக் கும்பிட்டார். உங்கள் 110க்குக் கடைசியாக எப்போது பெல்ட் மாற்றினீர்கள்? 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றவேண்டும். நான் அதைத் தள்ளிப்போட்டதால்தான் நடுவீதியில் நின்றேன்.

டேர்போ கார் பாய்ந்து எடுக்கும், மகன் சொல்வது பொய்யல்ல. ஆனால் மாலை ஐந்தரைக்குக் காலி வீதியில் பாய்ந்து எங்கே போவது? நகரத்துக்குள் 50, தெற்கு அதிவேகப் பாதையில் 100. சட்டம் தருகிற வேகம் அவ்வளவுதான். உங்கள் கார் அந்த 100ஐத் தாராளமாகத் தொடும்.

புறோக்கர் நல்ல விலை சொல்வதில் ஆச்சரியமில்லை. 2020 மார்ச்சில் நிறுத்திய கார் இறக்குமதியை 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். அந்த ஐந்து வருடத்தில் பழைய கார்களெல்லாம் பொன்னாகிவிட்டன. விற்ற காசுக்கு இதைப் போல ஒன்றைத் தேடிப் பாருங்கள், புரியும்.

ஒரு விடயத்தில் மகன் பக்கம் நிற்கிறேன். மோதினால் ஆளைக் காப்பாற்றும் ஏற்பாடுகள் புதிய கார்களில் அதிகம். எங்கள் காரில் அவ்வளவு இல்லை. ஆகவே பின்சீட் பெல்ட்டுகள் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள், பேரப்பிள்ளைகள் ஏறினால் கட்டாமல் புறப்படாதீர்கள். வெள்ளவத்தைக் கடற்காற்று இரும்பைத் தின்னும். காரை உயர்த்தி அடிப்பாகம் முழுவதையும் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே கொஞ்சம் துரு என்றால் வெட்டி ஒட்டலாம். அடிச்சட்டமே உக்கியிருந்தால் நான் சொன்னதையெல்லாம் மறந்துவிட்டு விற்றுவிடுங்கள். பிரேக் ஹோஸ்களும் அந்த வயதுதான், மாற்றுங்கள். சாமான்களுக்குப் பஞ்சிகாவத்தை இருக்கிறது. 110க்கு அங்கே கிடைக்காதது குறைவு.

இதெல்லாம் முடிந்ததும் திறப்பை மகனிடம் கொடுத்து, யாழ்ப்பாணம் போய்வர அவனையே ஓட்டச் சொல்லுங்கள். நீங்கள் முன்சீட்டில் இருந்து, அப்பா இந்தக் காரை எப்படி வாங்கினார் என்று வழிநெடுக அவனுக்குச் சொல்லுங்கள். திரும்பி வந்த பிறகும் விற்கத்தான் வேண்டும் என்றால் புறோக்கரைக் கூப்பிடாதீர்கள். எனக்கு எழுதுங்கள், நானே வாங்கிக்கொள்கிறேன்.