போட வேண்டாம் என்ற பத்துப் பாட்டு

அன்புள்ள அக்கா,

ஒலிபெருக்கிக் காலத்துக் கலியாணவீடுகளைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். நான் விசுவமடுப் பக்கம் டீஜே செய்கிறேன். கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் போவேன். போன மாதம் கிளிநொச்சியில் ஒரு ரிசெப்சன். அதற்கு முன்னரே பொம்பிளை வட்சப்பில் பத்துப் பாட்டு அனுப்பி, "இதுகள் மட்டும் வேண்டாம் அண்ணா" என்று சொல்லியிருந்தா. அதில் மூன்று, போட்டால் ஹோலே எழும்பி ஆடும் பாட்டுகள். இரவு ஒன்பது மணி போல, கனடாவிலிருந்து வந்த சித்தப்பா ஒருவர் அந்த மூன்றில் ஒன்றைக் கேட்டார். மாட்டன் என்றேன். "ஹோலுக்கும் உனக்கும் காசு தாறது நான்" என்று எல்லாருக்கும் கேட்கச் சத்தம் போட்டார். நான் போடவில்லை. கடைசியில் பேசிய காசைக் குறைத்துத்தான் தந்தார்கள். கூடத் தொழில் செய்கிற பெடியள், "சனம் ஆடுறதைப் போடத் தெரியாதவன்" என்கிறார்கள். நான் செய்தது பிழையா? இன்னொன்று, சில பாட்டுகளை ஒவ்வொரு கலியாணத்திலும் போட்டுப் போட்டு எனக்கே வெறுத்துவிட்டது. அவற்றை இப்போது நானாகவே விட்டுவிடுகிறேன். அதுவும் சரிதானே?

என்ர பெயர் போட வேண்டாம் அக்கா.

*

அன்புள்ள தம்பி,

முதல் கேள்விக்குப் பதில், நீங்கள் செய்தது நூறு வீதம் சரி. இரண்டாவது சரியில்லை. ஏன் ஒன்று சரி, மற்றது பிழை என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும்.

புதுக்குடியிருப்புப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை இருக்கிறாள். 2006இல் ஏ9 பாதையைப் பூட்டிய பிறகு வன்னிக்குள் பற்றரி கிடைப்பதே பெரும்பாடாக இருந்த நாட்களில், அவளுடைய அண்ணன் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, இவளைப் பெடலைச் சுற்றச் சொல்லி, டைனமோ கரண்டில் பாட்டுக் கேட்பானாம். அவள் கை ஓய்ந்தால் பாட்டும் இழுபடும், அண்ணன் கத்துவான். அப்படிச் சுற்றிச் சுற்றி அவள் மனப்பாடமாக்கிய ஒரு பாட்டு இருக்கிறது. சோகப் பாட்டில்லை, நல்ல குத்துப் பாட்டு. 2009இல் அண்ணன் காணாமல் போனான். பிறகு ஊர் திரும்பி, வீடு கட்டி, எத்தனையோ வருடம் கழித்து மச்சாள் ஒருத்தியின் சாமத்தியவீட்டில் அந்தப் பாட்டு வந்தது. பலகாரத் தட்டோடு நின்ற தாய் தட்டைப் பக்கத்துக் கதிரையில் வைத்துவிட்டு, ஹோலுக்குப் பின்னால் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றா. இவள் மட்டும்தான் கண்டாள். உள்ளே எல்லாரும் கைதட்டி ஆடிக்கொண்டிருந்தார்கள், அவர்களிலும் ஒரு பிழையும் இல்லை, அவர்களுக்கு எப்படித் தெரியும்? தன்னுடைய கலியாணத்துக்கு டீஜே பிடித்தபோது அவள் முதலில் வேண்டாம் என்று சொன்னது அந்தப் பாட்டைத்தான். காரணம் சொல்லவில்லை. டீஜே, பிள்ளைக்குக் குத்துப் பாட்டுப் பிடிக்காதாக்கும் என்று நினைத்திருப்பார்.

எல்லா லிஸ்டிலும் இப்படி ஒரு கதை இருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. பள்ளிக்கூடத்தில் நிறத்தைச் சொல்லி நக்கலடிக்கப் பெடியள் பாடிய பாட்டாக இருக்கலாம், பழைய காதல் ஒன்றின் பாட்டாக இருக்கலாம், பொம்பிளைகளைக் கேவலமாகச் சொல்கிற வரிக்கு மேடையில் நின்று ஆட மனமில்லாமல் இருக்கலாம், சும்மா பிடிக்காமலும் இருக்கலாம். உங்களுக்கு எல்லாம் ஒன்றுதான். வேண்டாம் என்றால் வேண்டாம், காரணமும் கேட்கக்கூடாது. எங்கள் மண்ணில் ஒரு பாட்டுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது, சொல்லவைக்கவும் கூடாது. அதுவும் கலியாண நேரத்தில்.

உங்கள் கூட்டாளிகள் சொல்வதற்குக் கணக்காகவே பதில் சொல்லலாம். 2007இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி கிடையாது. படமெடுத்து, கேக் வெட்டி, சாப்பாடு தொடங்கி, சனம் ஆட வர எட்டு மணியாகும். மிச்சம் இரண்டு மணித்தியாலம். ஒரு பாட்டுக்கு மூன்று நிமிடம் என்றால் மொத்தமே நாற்பது பாட்டுத்தான். உங்கள் லப்டொப்பில் ஆயிரக்கணக்கில் கிடக்கும்போது, அந்தப் பத்தும் இல்லாமல் நாற்பதை நிரப்பத் தெரிவதுதான் தொழில்.

சித்தப்பாவின் விஷயம் வேறு. அவரைக் கெட்டவர் ஆக்கிவிடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற சித்தப்பாமார் கேட்கிற பாட்டுகளைக் கவனித்துப் பாருங்கள், பெரும்பாலும் அவர்கள் ஊரைவிட்டுப் போன காலத்தோடு நிற்கும். அதற்குப் பிறகு இங்கே வந்த பாட்டுகள் அவர்களுக்குச் செய்தி மாதிரித்தான், உடம்பில் ஊறவில்லை. இத்தனை வருடம் காசு அனுப்பி, இப்போதுதான் ஒரு நல்லது கெட்டதுக்கு நேரில் வந்திருக்கிறார், தன்னை நாலு பேர் காணவேண்டும் என்ற ஆசை அவருக்கு இருக்கத்தானே செய்யும். ஆகவே "மாட்டன்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். "பொம்பிளை வேண்டாம் எண்டவா" என்றும் சொல்லாதீர்கள், அது நேரே மேடைக்குப் போய்ச் சண்டையாகும், பிறகு வருடக்கணக்கில் கதைக்காமல் இருப்பார்கள். பாட்டு இல்லை என்று பொய்யும் சொல்லவேண்டாம், அவர் யூரியூப்பில் எடுத்து போனை உங்கள் கையிலேயே தந்துவிடுவார். "அது இண்டைக்கு இல்லை ஐயா, அந்தக் காலத்து இன்னொண்டு போடுறன், நீங்கள்தான் தொடக்கி வைக்கவேணும்" என்று சொல்லி மைக்கில் அவரைக் கூப்பிடுங்கள். கனடாவிலிருந்து வந்த எங்கட சித்தப்பா என்று ஒருதரம் சொன்னால் போதும், முக்கால்வாசிப் பேர் கேட்ட பாட்டையே மறந்துவிடுவார்கள். மறக்காத கால்வாசிக்கு நீங்கள் செய்ததுதான் வழி.

சிலர் போராட்டக் காலத்து எழுச்சிப் பாட்டும் கேட்பார்கள். அவர்களுடைய மனதை நான் ஒருநாளும் குறைவாக நினைக்கமாட்டேன். ஆனால் அவர் அடுத்த கிழமை பிளேன் ஏறிவிடுவார், பொலிசுக்குப் பதில் சொல்லப்போவது நீங்களும் ஹோல்காரரும் அந்தப் பிள்ளையின் தகப்பனும். இதை அட்வான்ஸ் வாங்கும்போதே வீட்டுக்காரரிடம் கதைத்துவிடுங்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. "வாராயென் தோழி வாராயோ" பாசமலரில் வந்தது, 1961. எல். ஆர். ஈஸ்வரி பாடி அறுபது வருடம் தாண்டிவிட்டது. தென்னை மரத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிய காலத்திலேயே அது தேய்ந்த பாட்டுத்தான், இருந்தும் விடியப்புறம் அது கேட்டால்தான் அந்த ஒழுங்கையில் கலியாணம் என்று ஊருக்குத் தெரியும். அதை நீங்கள் முகூர்த்த மாதத்தில் கிழமைக்கு மூன்று தரம் கேட்கிறீர்கள், முன் வரிசையில் இருக்கிற அம்மம்மா எப்போதாவது ஒருதரம் கேட்கிறா. சலிப்பு உங்களுடையது, கலியாணம் அவர்களுடையது. பருப்புக் காய்ச்சிக் காய்ச்சி அலுத்துவிட்டது என்று கலியாணச் சமையல்காரர் பந்தியில் பருப்பை விடுவாரா?

அதற்காக முழுப் பாட்டையும் ஓடவிடச் சொல்லவில்லை. பல்லவி, ஒரு சரணம், அவ்வளவும் போதும், ஆட்கள் சேர்ந்து பாடுவது அந்தளவுதான். ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது போடாமல், ஆறுகிற நேரத்தில் நுழைத்துவிடுங்கள். முக்கியமாக, லிஸ்ட் கேட்கும்போது இரண்டாகக் கேளுங்கள்: என்ன நடந்தாலும் போடவே கூடாதவை எவை, உங்களுக்குச் சலித்துவிட்டது ஆனால் யாராவது ஆசையாய்க் கேட்டால் போடலாம் என்பவை எவை. இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே பத்து மூன்றாகக் குறைந்துவிடும். அந்த மூன்றில்தான் நீங்கள் மலை மாதிரி நிற்கவேண்டும்.

சிலர் குத்துப் பாட்டே வேண்டாம் என்பார்கள். அதுவும் அவர்கள் இஷ்டம், ஆனால் ஆட ஆள் குறையும் என்பதை முதலே சொல்லிவிடுங்கள். பிறகு பைலா என்கிற துள்ளல் பாட்டு இருக்கவே இருக்கிறது. பொப் பாடகர் ஏ. ஈ. மனோகரன் காலத்திலிருந்து எங்கள் சனத்துக்கு அது பழக்கம், ஆறு வயசுப் பிள்ளையும் ஆடும், எழுபது வயசுக்காரரும் கதிரையைப் பிடித்துக்கொண்டாவது ஆடுவார்.

அப்புறம், லிஸ்டை உங்கள் போனில் மட்டும் வைத்திருந்து பயனில்லை. பெட்டி இறக்குகிற தம்பி பின்னேரம் சவுண்ட் செக் பண்ணும்போது தன்னுடைய போனைக் கொழுவி, வேண்டாம் என்ற பாட்டையே போட்டுவிடுவான், அந்த நேரம் பொம்பிளை பக்கத்து அறையில் சோடித்துக்கொண்டிருப்பாள். நொன்ஸ்டொப் றீமிக்ஸ் எதையும் முழுக்கக் கேட்காமல் ஓடவிடாதீர்கள், நடுவில் நாலு வரி ஒளிந்திருக்கும். வீடியோக்காரருக்கும் அனுப்புங்கள், அவர் எடிட்டில் எந்தப் பாட்டை ஏற்றுவார் என்று யாருக்கும் தெரியாது.

குறைத்த காசைப் பற்றி ஒன்று. அடுத்த முறை அட்வான்ஸ் துண்டிலேயே, பாட்டு விஷயத்தில் பொம்பிளை மாப்பிள்ளை சொல்வதுதான் முடிவு என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், காசு எந்த நாட்டிலிருந்து வந்தாலும். இந்த முறைக்கு, அந்தப் பிள்ளைக்கு மரியாதையாக ஒரு மெசேஜ் போட்டுப் பாருங்கள். காசைக் குறைத்தது அவவுக்குத் தெரியாமலே இருக்கலாம்.

அன்புடன்,
அக்கா