ஊற்றுத் தண்ணீர் தெளிந்தால் போதுமா?

கேள்வி: கோடையில் வறண்ட ஆற்று மணலில் ஊற்று தோண்டித்தான் குடிக்க எடுக்கிறோம். கலங்கலாக வருகிறது. தேற்றாங்கொட்டை போட்டால் போதுமா?
– வாசகர், பரமக்குடி

பதில்: தெளிவதற்குப் போதும், குடிப்பதற்குப் போதாது.

முதலில் தோண்டும் இடத்தைப் பாருங்கள். ஆறு வளையும் இடத்தின் வெளிக்கரையோரம், பாறைக்கு மேல்புறம் (நீர் வரும் பக்கம்), மணல் கறுத்து ஈரமாகத் தெரியும் இடம் நல்லது. ஆடுமாடு இறங்கும் துறை வேண்டாம். வாய் அகலமாக இருக்கட்டும்; குறுகலாகத் தோண்டினால் மணல் சரிந்து ஊற்று மூடிக்கொள்ளும். அடி இல்லாத பழைய பானையை இறக்கி வைத்தால் பக்கம் நிற்கும். முதலில் ஊறும் நீரை இரண்டு மூன்று முறை இறைத்துக் கொட்டுங்கள். பிறகு சிரட்டையால் மேலாக மொள்ளுங்கள். அடியைச் சுரண்டினால் கலங்கல் திரும்பிவிடும், அவசரக்காரர்கள் எல்லாரும் செய்கிற தவறு இதுதான்.

மண்பானையின் உட்புறம் ஈரத்தோடு தேற்றாங்கொட்டையை உரசிவிட்டு நீரை ஊற்றி, ஆட்டாமல் சில மணி நேரம் வையுங்கள். சேறு ஒன்றுசேர்ந்து அடியில் தங்கும். கிருமிகளில் ஒரு பகுதி அதோடு இறங்கும். மீதி தெளிந்த நீரிலேயே இருக்கும். ஆகவே மேல்நீரை மட்டும் துணியில் வடித்து, தளதளவென 1 நிமிடம் கொதிக்க வையுங்கள். விறகில்லையா? நிறமற்ற பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலில் தெளிந்த நீரை நிரப்பி நல்ல வெயிலில் 6 மணி நேரம் படுக்க வைக்கலாம். மேகமூட்டமென்றால் 2 நாள்.

ஆனால் நீரைக் கொதிக்க வைத்தாலும் உப்பு போகாது, நீர் வற்ற வற்றக் கூடும். கடலோரத்தில் மேலே நல்ல நீரும் கீழே உப்புநீரும் இருக்கும். அங்கே ஆழமாகத் தோண்டாதீர்கள்.