மட்டக்களப்பு–கொழும்பு 9,000 ரூபா விமானம்: நம்பி முற்பணம் கட்டலாமா?

கேள்வி: கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் ஒரு வழி 9,000 ரூபாவுக்குப் புதிய விமான சேவை வரப்போகிறதாம். கல்முனையில் டிக்கட் ஏஜென்சி தருவதாகச் சொல்லி முற்பணம் கேட்கிறார்கள். இது சரிவருமா?

பதில்: முற்பணம் கட்டாதீர்கள். விமானம் வரலாம், வந்தால் கிழக்குக்கு நல்லது. ஆனால் 9,000 ரூபா என்ற விலை விளம்பரக் காலத்தைத் தாண்டி நிற்காது. இதை அவநம்பிக்கையில் சொல்லவில்லை, கணக்கு அப்படித்தான் வருகிறது.

மலிவுக் கட்டணம் இரண்டு விஷயங்களில் தங்கியிருக்கிறது: ஒரு விமானத்தில் எத்தனை இருக்கை, அது ஒரு நாளில் எத்தனை மணிநேரம் பறக்கிறது. வெளிநாட்டில் நாம் பார்க்கும் மலிவு சேவைகள் 180 இருக்கை ஏ320 போன்ற ஜெட்டை நாளுக்கு 11, 12 மணிநேரம் ஓட்டுகின்றன. தரையில் அரைமணிக்கு மேல் நிற்க விடுவதில்லை. வாடகை, காப்புறுதி, சம்பளம் எல்லாம் அத்தனை இருக்கைக்கும் அத்தனை மணிநேரத்துக்கும் பங்கு பிரிகின்றன. மட்டக்களப்பில் இந்த இரண்டுமே கிடைக்காது.

ஓடுபாதையில் இருந்து தொடங்குவோம். 2018 மார்ச்சில் உள்நாட்டு விமானங்களுக்குத் திறந்த மட்டக்களப்பு விமான நிலையத்தின் ஓடுபாதை சுமார் 1,500 மீற்றர். பயணிகள் நிறைந்த ஏ320க்கு அது போதாது. அதனால் இரண்டு புரொபெல்லர் எஞ்ஜின் (டேர்போபுரொப்) கொண்ட ஏடிஆர் 72, அல்லது சின்ன செஸ்னா கரவான் போன்றவைதான் வரமுடியும். ஏடிஆருக்கும் தாராளமான இடம் என்று சொல்ல முடியாது. டேர்போபுரொப் விமானம் ஓடுபாதையின் 70 வீதத்துக்குள் இறங்கி நிற்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது வழமையான விதி. 1,500 மீற்றரில் அது 1,050. ஓடுபாதை நனைந்திருந்தால் இன்னொரு 15 வீதம் ஒதுக்க வேண்டும், அப்போது ஏறத்தாழ 910 மீற்றர்தான் கையில். மாரியில், கார்த்திகை மார்கழி மழையில், எடையைக் குறைத்துக்கொண்டு வரவேண்டிய நாட்கள் இருக்கும். எடையைக் குறைப்பதென்றால் ஆளை, அல்லது பெட்டியை, அல்லது எரிபொருளைக் குறைப்பது. அம்பாறைப் பக்கம் உகனையில் இருக்கும் ஓடுபாதை இதைவிடக் குறுகியது. அங்கே கரவானைத் தவிர வேறு பேச்சு வேண்டாம்.

இனிச் செலவு. கீழே வருவது பரும்படிக் கணக்கு. 1 டொலர் 300 ரூபா, எரிபொருள் லீற்றர் 1 டொலர் என்று வைத்துக்கொள்கிறேன். உங்களிடம் சரியான விலை இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

இரத்மலானையில் இருந்து மட்டக்களப்புக்கு வான்வழி சுமார் 220 கிலோமீற்றர். ஏடிஆர் 72 தரையில் ஊர்வதையும் சேர்த்து 50, 55 நிமிடம் எடுக்கும். ஏறத்தாழ 600 கிலோ எரிபொருள், அதாவது 750 லீற்றர், 750 டொலர். விமான வாடகையைக் குறைத்தே மாதம் 120,000 டொலர் என்று வையுங்கள். காலையில் ஒரு போய்வரல், மாலையில் ஒன்று, மாதம் 26 நாள் என்றால் 104 பறப்பு. ஒரு பறப்புக்கு வாடகை 1,150 டொலர். எஞ்ஜின், புரொபெல்லர், சில்லுத்தொகுதி ஆகியவற்றின் பராமரிப்புக்கு 800 ஒதுக்க வேண்டும். விமானிகள், பணியாளர்கள், காப்புறுதிக்கு 600. விமான நிலையக் கட்டணம், தரைச்சேவை, டிக்கட் விற்பனைக்கு 400. கூட்டினால் 3,700 டொலர்.

72 இருக்கையும் நிறைந்தால் ஒரு ஆளுக்கு 15,400 ரூபா. 60 வீதம் நிறைந்தால், அதாவது 43 பேர் வந்தால், 25,800 ரூபா. இலாபம் இதில் ஒரு சதமும் இல்லை. மாறாக 9,000 ரூபாப்படி 72 இருக்கையையும் விற்றால் கையில் வருவது 2,160 டொலர். எரிபொருள், வாடகை, பராமரிப்பு மூன்றுக்கு மட்டுமே 2,700 போய்விடும். விமானிக்குச் சம்பளம் கொடுக்கும் முன்பே நட்டம்.

நாளுக்கு எட்டுப் பறப்பு பறந்தால் வாடகைப் பங்கு பாதியாகும் என்று வாதிடலாம். உண்மைதான், எல்லா இருக்கையும் நிறைந்தால் 13,000 ரூபா அளவுக்கு இறங்கும். ஆனால் நாளுக்கு 288 பேர் ஒவ்வொரு வழியிலும் மட்டக்களப்பில் இருந்து வருவார்களா? வெள்ளி பின்னேரம் கொழும்பில் இருந்து நிறைந்து வரும் விமானம் திரும்பும்போது காலியாகப் போகும். ஞாயிறு அதே கதை மறுபக்கமாக. பாசிக்குடாவுக்கும் அறுகம்பைக்கும் வெள்ளைக்காரர் வரும் மாதங்கள் மாரி தொடங்கும்போது முடிந்துவிடும். வருடச் சராசரியில் 60 வீதம் என்பதே நல்ல நிலை.

கரவான் இன்னும் மோசம். மணிக்கு சுமார் 200 லீற்றர் குடிக்கிறது, இருக்கை எட்டுத்தான். இந்தத் தூரத்துக்கு இருக்கைக்கு 24 லீற்றர் வருகிறது, நிறைந்த ஏடிஆரில் 10 லீற்றரை ஒட்டித்தான். அந்த வகை விமானங்களில் இருக்கைகளைச் சுற்றுலாப் பயணிக்கு டொலரில் விற்பதற்குக் காரணம் இதுதான்.

குறுந்தூரத்துக்கென்றே சில செலவுகள் உண்டு. சில்லு, பிரேக், சில்லுத்தொகுதி, எஞ்ஜினுக்குள் இருக்கும் சில தட்டுகள், இவற்றின் ஆயுள் மணிக்கணக்கில் அல்ல, எத்தனை தடவை ஏறி இறங்கியது என்ற கணக்கில். 50 நிமிடப் பறப்பும் மூன்று மணிப் பறப்பும் அந்தக் கணக்கில் ஒன்றேதான். ஏடிஆரில் தரை மின்சாரத்துக்கான தனிச் சிறு எஞ்ஜின் கிடையாது. வலப்பக்கப் புரொபெல்லரை ஒரு பிரேக்கால் பூட்டிவிட்டு அந்தப் பக்க எஞ்ஜினை ஓடவிட்டுத்தான் உள்ளே ஏசியும் வெளிச்சமும் கொடுப்பார்கள். மணிக்கு 100 கிலோவுக்கு மேல் எரிபொருள் அதிலும் போகும். மட்டக்களப்பு வெயிலில் ஆள் ஏறி முடியும்வரை ஏசியை நிறுத்தவும் முடியாது.

விமானம் போட்டி போடுவது இன்னொரு விமானத்தோடு இல்லை, இரவு பஸ்ஸோடு. கல்முனையிலோ காத்தான்குடியிலோ இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஏசி பஸ்ஸில் ஏறினால் விடியக் கொழும்பு. பகல் ஒன்றும் வீணாகாது, தங்கும் அறைச் செலவும் இல்லை. விமானத்துக்கு அக்கரைப்பற்று ஆள் முதலில் வடக்கே மட்டக்களப்புக்கு ஒரு மணிநேரத்துக்கு மேல் வரவேண்டும், முக்கால் மணி முன்னதாகப் போய் நிற்க வேண்டும், இறங்கிய பின் இரத்மலானையில் இருந்து காலி வீதி நெரிசலில் கோட்டைக்கு இன்னும் 15 கிலோமீற்றர். வளைகுடாவுக்குப் போகும் ஆளுக்கு வேண்டியது கட்டுநாயக்க, அதுவும் 30 கிலோ பெட்டியோடு. இரத்மலானையில் இறக்கிவிடும் சேவை அவருக்கு உதவாது. உண்மையில் பயன்பெறக்கூடியவர்கள் நோயாளிகள். மஹரகம புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகும் ஒருவரை எட்டு மணிநேரம் பஸ்ஸில் இருத்துவது கொடுமை, இரத்மலானை அங்கிருந்து கிட்டத்தான். ஆனால் அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு 25,000 கட்டுப்படியாகாது. இந்தச் சேவை நிலைக்க வேண்டும் என்று நான் விரும்புவதற்கு அவர்களே முதற்காரணம்.

ஒற்றை விமானத்தோடு தொடங்கும் நிறுவனம் ஒற்றை பஸ் வைத்திருக்கும் முதலாளி மாதிரி: அது நின்றால் எல்லாம் நின்றது. மட்டக்களப்பு ஓடுபாதையைச் சுற்றி வாவி, கொக்கும் நீர்க்காகமும் நிறைந்த இடம். ஒரு பறவை புரொபெல்லரில் அடிபட்டாலே பரிசோதித்து முடியும்வரை பறக்க முடியாது. பாகம் வெளிநாட்டில் இருந்து வரவேண்டும், பதில் விமானம் கிடையாது. இரண்டு தடவை இரத்தானால் அந்தப் பயணி பழையபடி பஸ்ஸுக்குப் போய்விடுவார். இன்னொரு ஆபத்து நாணயம். வாடகை, பாகம், காப்புறுதி டொலரில், வருமானம் ரூபாவில். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஆனது நினைவிருக்கும்.

அரச பணத்தில் 2007இல் தொடங்கிய மலிவுக் கட்டண மிஹின் லங்கா, ஜெட் விமானமும் வளைகுடா, இந்தியப் பாதைகளும் இருந்தும் நட்டத்திலேயே ஓடி 2016 ஒக்டோபரில் மூடப்பட்டது. இந்தியாவின் உடான் திட்டத்தில் அரசே நட்டத்தை ஈடுசெய்து, ஒரு மணிப் பறப்புக்கு 2,500 இந்திய ரூபா என்று உச்சவரம்பு போட்டது. 2023 கணக்காய்வு அறிக்கைப்படி ஒதுக்கிய 774 பாதைகளில் 403 தொடங்கவே இல்லை. சலுகைக்காலம் முடிந்த பின்னும் ஓடியவை 54. யாழ்ப்பாணம்–சென்னை ஏடிஆர் ஓடுகிறதே என்பீர்கள். அங்கே நடுவில் கடல், இரவு பஸ் இல்லை.

நிலைக்கக்கூடிய ஒரு வடிவம் எனக்குத் தெரிகிறது. ஏடிஆர் தென்னிந்தியப் பாதையில் நாளில் பெரும்பகுதி பறந்துவிட்டு, மட்டக்களப்பை இடையில் ஒரு தடவை தொட்டுப் போவது. அத்துடன் குறைந்தது இரண்டு வருடத்துக்கு, நோயாளிக்கும் அரச ஊழியருக்கும் குறிப்பிட்ட இருக்கைகளை அரசு முன்கூட்டியே வாங்குவது. ஊர் அரசியல்வாதியிடம் கேட்க வேண்டியது இதைத்தான், மலிவு டிக்கட்டை அல்ல.

உங்கள் ஏஜென்சிக்கு வருவோம். முற்பணம் கேட்பவரிடம் மூன்றை எழுத்தில் கேளுங்கள். சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை கொடுத்த ஏஓசி என்னும் இயக்குநர் சான்றிதழின் இலக்கம். 4ஆர் என்று தொடங்கும் விமானப் பதிவு இலக்கம். பராமரிப்பை எந்த அங்கீகாரம் பெற்ற நிறுவனம் செய்கிறது என்பது. "அனுமதி கிடைத்துவிட்டது" என்பார்கள். ஏஓசிக்கு ஐந்து கட்டம் உண்டு: முன்பேச்சு, முறையான விண்ணப்பம், ஆவணப் பரிசீலனை, நேரடிப் பரிசோதனையும் ஒத்திகைப் பறப்பும், கடைசியில்தான் சான்றிதழ். அவர்கள் சொல்லும் அனுமதி முதற்கட்டக் கடிதமாகவும் இருக்கலாம். இலக்கத்தை அதிகார சபையிடமே சரிபாருங்கள். சான்றிதழ் வரும் முன் டிக்கட்டோ ஏஜென்சியோ விற்றால் அங்கேயே விலகிவிடுங்கள்.

சான்றிதழ் இருந்து சேவையும் தொடங்கினால், ஒரு மாரிகாலம் முழுக்க ஓடும்வரை பொறுத்து ஏஜென்சி எடுங்கள், அதுவும் வைப்புப்பணத்தை எந்தத் தேதிக்குள் எப்படித் திருப்புவார்கள் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் மட்டும். டிக்கட் வாங்குவதென்றால் வங்கிக் கணக்கில் காசு போடாமல் கிரெடிட் கார்டில் வாங்குங்கள். சேவை நின்றால் கார்ட் கொடுத்த வங்கியிடம் முறைப்பாடு செய்து பணத்தைத் திருப்பிக் கேட்க வழி உண்டு.