ப்ளஸ் டூ மகள் கையில் நாவல்: ஓர் அம்மாவுக்குப் பதில்

உங்கள் மகள் பாடப்புத்தகத்துக்குள் நாவலை ஒளித்து வைத்துப் படிக்கிறாள், கால்நடை மருத்துவம்தான் படிப்பேன் என்று அடம்பிடிக்கிறாள், இரண்டையும் எப்படி நிறுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலாவதை நிறுத்த வேண்டாம்மா. இரண்டாவது சரிவருமா என்று அவளே தெரிந்துகொள்வதற்கு நான் அதைத்தான் பயன்படுத்துவேன்.

தன்னம்பிக்கைப் புத்தகங்கள் வாங்கிக் கொடுத்தும் தொடவில்லையாம். போகட்டும். 'உன்னால் முடியும்' என்று பக்கம் பக்கமாகச் சொல்கிற புத்தகம், அந்த வேலைக்குப் போனால் காலையில் எதில் கை வைக்க வேண்டியிருக்கும் என்று பெரும்பாலும் சொல்வதில்லை. அதற்கு ஜெயமோகனின் 'யானை டாக்டர்' கொடுங்கள். 'அறம்' தொகுப்பில் இருக்கிறது, கொஞ்சம் நீளமான சிறுகதைதான், ஒரே மூச்சில் முடித்துவிடுவாள். ஆனைமலைக் காட்டில் உள்ள டாப்ஸ்லிப்பில் யானைகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தியை வைத்து எழுதியது. அழுகிப்போன யானையின் உடலை அறுத்துப் பரிசோதிப்பது, நெளியும் புழுக்கள், நாற்றம், குடித்துவிட்டு வீசிய பீர் பாட்டில் காலில் ஏறிச் சீழ்பிடித்துச் சாகிற யானைகள் என்று எல்லாம் வரும். அதைப் படித்த பிறகும் இதுதான் வேண்டும் என்றால் நம்பலாம். நாய்க்குட்டி பிடிக்கும் என்பதற்காக மட்டும் கேட்டிருந்தால் தானாகவே சுருதி இறங்கும்.

சரி, நடைமுறைக்கு வருவோம். கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பான பி.வி.எஸ்சி. மொத்தம் ஐந்தரை வருடம், அதில் கடைசி ஒரு வருடம் பயிற்சி. தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு ப்ளஸ் டூ மதிப்பெண்தான், அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீதத்துக்குத்தான் நீட். ஆகவே உயிரியல், இயற்பியல், வேதியியலில் ஒரு மதிப்பெண்கூட விடக்கூடாது. நாவலுக்கு இரவில் அரைமணி நேரம் என்று அவளோடு பேசி முடிவு பண்ணுங்கள். பிடுங்கி வைத்தால் போர்வைக்குள் போனில் படிப்பாள், இதுகூடவா தெரியாது உங்களுக்கு!

கலாமின் 'அக்னிச் சிறகுகள்' எல்லா வீட்டிலும் இருக்கும், அப்படியே தூசி படிந்தும் இருக்கும். டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குப் போன 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார், எடுத்ததோ எட்டுப் பேரை, விமானியாகும் ஆசை அங்கேயே முடிந்தது. அந்தப் பகுதியை மட்டுமாவது இருவரும் படித்துவிட்டு, கவுன்சிலிங்கில் இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று இப்போதே பேசி வையுங்கள்.

அடுத்த வாய்ப்பு வேளாண்மை என்றால் சோ. தர்மனின் 'சூல்' இருக்கிறது, 2019இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கியது. ஒரு கண்மாயை நம்பி ஊரே எப்படிப் பிழைத்தது, அது எப்படிக் கெட்டது என்று சம்சாரிகளின், அதாவது விவசாயிகளின், பேச்சிலேயே வரும். மீன்வளம் என்றால் ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு', கட்டுமரமும் கடலும் பரதவர் வாழ்க்கையும். இரண்டும் குண்டுப் புத்தகங்கள், வட்டார வழக்கு வேறு. இவற்றை மட்டும் பரீட்சை முடியும்வரை உங்கள் பீரோவில் வைத்துக்கொள்ளுங்கள்.